வகுப்பைப் பார்க்க வந்த தங்கச்சி

போன வாரம் தலவாக்கலை டவுனில் மழைக்கு ஒதுங்கி ஆட்டோ ஸ்டேண்டில் நின்றேன். உள்ளே ஒரு பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது.

தலைப்பு: பிள்ளைகளை கேம்பஸுக்கு அனுப்புவது பிரயோசனமா, இல்லையா?

'இல்லை' அணியில்தான் கூட்டம். ஒருவருடைய மகன் ஓ.எல். பரீட்சை எழுதிய கையோடு கொழும்புக்கு வேலைக்குப் போய், வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்டுவிட்டானாம். "படிச்சவங்க என்ன பண்றாங்க? ஃபைல தூக்கிக்கிட்டு நேர்முகப் பரீட்சைக்கு அலையுறாங்க" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

'ஆமாம்' அணியில் ஒரே ஆள்... மணி. அவருடைய மூத்த மகள் இந்த வருஷம்தான் பட்டம் வாங்கினாள்.

மணியின் ஆட்டோவில்தான் நான் பல வருஷமாகப் போய் வருகிறேன். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. அன்றைக்கு என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பியவர், பாலம் தாண்டியதும் சொன்னார்: "அக்கா, நீங்களே இத எழுதுங்க. எனக்கு ஒழுங்கா எடுத்துச் சொல்ல வரல."

எழுதுகிறேன். மணி எதிர்பார்க்கிற தீர்ப்பு இதில் வருமா என்றுதான் தெரியவில்லை.

மணிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் நிரோஷா, இளையவள் கௌசல்யா. (இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.) இருவருக்கும் ஒன்றரை வயசுதான் வித்தியாசம். அம்மா செல்வராணி டயகம போகிற ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான் வீடு.

நிரோஷா கேம்பஸ் நுழைவுக்கான ஏ.எல். படித்துக்கொண்டிருந்தபோது கௌசல்யா ஓ.எல். எழுதினாள். நல்ல ரிசல்ட். ஆனால் அந்த நேரம் மணி இடுப்பு வலியில் படுத்துவிட்டார், ஆட்டோ ஓடவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேரைப் படிக்க வைக்க முடியாது என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"நான் கொழும்புக்குப் போறேன். கடையில ஆள் எடுக்குறாங்களாம்" என்று கௌசல்யாதான் முதலில் சொன்னாள்.

பின்னாளில் செல்வராணியிடம் கேட்டேன். "மூத்தவள் கெட்டிக்காரி என்பதாலா?"

"கெட்டிக்காரி யாருன்னு நாங்க எங்க பார்த்தோம்? மூத்தவ முந்திப் பொறந்துட்டா. அவ்வளவுதான்."

நிரோஷாவுக்கு கேம்பஸ் கிடைத்தது. கிழக்கில், கடலோரமாய் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாமே. லயத்துக்கே கொண்டாட்டம். அந்தத் தோட்டத்தில் இருந்து கேம்பஸ் போகிற முதல் பிள்ளை. மாலை போட்டு, கோயிலில் பூசை வைத்து, பஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

சில மாதத்தில் எல்லாப் பைகளோடும் திரும்பி வந்துவிட்டாள்.

"இனி போகமாட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டால் அழுகை. மெதுவாக மெதுவாக வெளியே வந்தது. லெக்சர் பாதி ஆங்கிலம், புரியவில்லை. அது கூடப் பரவாயில்லை... மலையகத் தமிழில் வாயைத் திறந்தாலே, "நீங்க இந்தியாவா?" என்று கேட்கிறார்களாம். அவள் "அங்கிட்டு போவோம்ங்க" என்று சொன்னதை ஹாஸ்டலில் ஒருத்தி திரும்பச் சொல்லிக் காட்ட, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. அந்த வயசுச் சிரிப்பு. ஆனால் நிரோஷா அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் பேசமாட்டாள். வகுப்பில் கையைத் தூக்கமாட்டாள்.

அறைக்குள் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் பேசாமல் இருந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

சித்திரை வருஷப் பிறப்புக்குக் கடை மூடியதும் கௌசல்யா வீட்டுக்கு வந்தாள். அக்கா படிப்பை விடப்போகிறாள் என்று அப்பா போனிலேயே சொல்லியிருந்தார். இவள் வந்து ஒரு பாட்டம் திட்டப் போகிறாள் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். அவள் திட்டவில்லை. குளித்து, சாப்பிட்டு, அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சரி, வேணாம்னா விட்டுரு. ஆனா அதுக்கு முந்தி நான் ஒருக்கா அங்க வந்து பார்க்கணும்."

"என்னத்த பார்க்க?"

"நான் எதுக்கு சம்பளம் அனுப்புறேன்னு பார்க்க வேணாமா?"

லீவு முடிந்ததும் கடைக்குப் போன் பண்ணி, காய்ச்சல் என்று சொன்னாள் கௌசல்யா. இரண்டு பேரும் நுவரெலியாவுக்குப் போய் பஸ் மாறினார்கள். வழியெல்லாம் கௌசல்யா நிம்மதியாகத் தூங்கினாளாம். நிரோஷாதான் கண்ணை மூடாமல் ஒவ்வொரு ஊர்ப் பலகையாக வாசித்துக்கொண்டே போனாளாம்.

ஹாஸ்டலில் விருந்தாளிக்கு இடமில்லை. அறைத் தோழிகளே ஏதோ பேசிச் சமாளித்தார்கள். அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியையும் காரமான கட்டச்சம்பலையும் கௌசல்யா எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தாள். கொழும்புக் கடையில் நாள் முழுக்க மனிதர்களோடு பேசிப் பழகியவள் இல்லையா? அரைமணி நேரத்தில் எல்லோருடைய பெயரும், ஊரும், காதல் கதையும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரோ ஒருத்தி அவள் பேச்சையும் திரும்பச் சொல்லிக் காட்டினாள். "அப்படி இல்லங்க, இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்லணும்" என்று இவள் திருத்திக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நிரோஷாவும் சிரித்தாள்.

மறுநாள் வகுப்புக்கும் கூடவே போய்விட்டாள். கடைசி வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

புவியியல் வகுப்பு. மழைக் காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது மழையைக் கொட்டிவிடுகிறது, மலைக்கு அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கிறது... இதைத்தான் விரிவுரையாளர் அம்மா விளக்கிக்கொண்டிருந்தார்.

"நம்மட நாட்டுக்குள்ளயே உதாரணம் ஒண்டு சொல்லுங்க பாப்பம்" என்றார்.

யாரும் சொல்லவில்லை. கௌசல்யா அக்காவின் கையைக் கிள்ளினாள். "பட்டிப்பொல. சொல்லுடி." நிரோஷா குனிந்துகொண்டாள். "சொல்லுடீ..."

"பின்னுக்கு யார் கதைக்கிற? நீங்க எந்த வருஷம், எந்த பெட்ச்?" என்றார் விரிவுரையாளர்.

கௌசல்யா எழுந்து நின்றாள்.

"நான் பெட்ச் இல்லங்க மேடம். இவளோட தங்கச்சி. கொழும்புல கடையில நிக்கிறேன். அக்கா படிப்புச் செலவு நான்தான் பார்க்குறேன். அதான் என்ன சொல்லிக் குடுக்குறீங்கன்னு பார்த்துட்டுப் போவோம்னு வந்தேன்."

வகுப்பு குபீரென்று சிரித்தது. அப்புறம், அவள் சொன்னது என்னவென்று புரியப் புரிய, சிரிப்பு அடங்கியது.

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீங்கதான் பெரிய ஆள். இருங்க மகள். என்ன உதாரணம் சொன்னீங்க அக்காக்கு?"

"அத அவளே சொல்லுவா மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நிரோஷா எழுந்தே ஆகவேண்டியதாயிற்று. நானுஓயாவில் இருந்து ரயிலில் போகும்போது அடைமழை பெய்யும், ஜன்னலை எல்லாம் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்று ஆரம்பித்தாள். பட்டிப்பொல தாண்டினதும் சுரங்கம் வரும். அதற்குள் நுழைகிறபோது மழை, வெளியே வருகிறபோது வெயில். "அந்தப் பக்கம் வந்ததும் எல்லாரும் எந்திரிச்சு ஜன்னல தொறப்பாங்க மேடம். சின்னதுல நாங்க, மழைய அங்கிட்டே விட்டுட்டு வந்துட்டோம்னு சொல்லுவோம்."

'அங்கிட்டே.' அவளே கவனிக்காமல் வந்து விழுந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒரு பையன் திரும்பிப் பார்த்து, "மெய்யா? அவ்வளவு கெதியா மாறுமா?" என்று கேட்டான். "மெய்யாத்தான்" என்றாள் நிரோஷா.

அன்றைக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டினாள். போனில் அழுதாள். ஆனால் பைகளைக் கட்டவில்லை.

பிறகு கொரோனா வந்து கேம்பஸை மூடியது. கடையையும் மூடியது. இரண்டு பேரும் லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆன்லைன் வகுப்புக்கு சிக்னல் தோட்டத்து மேட்டில்தான் கிடைக்கும். தேயிலைக்கு நடுவே ஒரு கல்லில் நிரோஷா போனை வைத்துக்கொண்டு உட்காருவாள். மழை தூறினால் கௌசல்யா குடை பிடிப்பாள். குடை பிடித்தபடியே அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். அதன் பிறகு பெட்ரோல் வரிசை, மறுபடி கேம்பஸ் மூடல்... படிப்பு இழுத்துக்கொண்டே போனது. ஒருவழியாக முடிந்தது.

பட்டமளிப்புக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர்தான் உள்ளே போகலாம். செல்வராணியும் கௌசல்யாவும் போகட்டும் என்று மணியே முடிவு செய்துவிட்டார். வாசலில் நின்ற காவலாளி கௌசல்யாவை நிறுத்தினார்.

"அம்மா அப்பா மட்டுந்தான் தங்கச்சி."

புது வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்ற மணி, "அப்பா இடத்துக்கு அவதாங்க" என்றார். காவலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழி விட்டார்.

இப்போது நிரோஷா ஹட்டனில் ஒரு தனியார் இடத்தில் தற்காலிக வேலை பார்க்கிறாள். சம்பளம் கௌசல்யா வாங்குவதைவிடக் குறைவு. அரசாங்க வேலைக்குக் காத்திருக்கிறாள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டேண்டில் சிரிக்கிறார்கள் என்றால் இதற்குத்தான். அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய?

பட்டமளிப்பு முடிந்து இரண்டு பேரும் என் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்திருந்தார்கள். நிரோஷா கிச்சனில் இருந்தபோது கௌசல்யாவிடம் கேட்டேன்.

"உனக்கு ஒரு நாளும் கோவம் வரலையா பிள்ளை?"

கப்பைக் கையில் வைத்து உருட்டினாள். "வந்துச்சு பெரியம்மா. வேலைக்குப் போறப்ப வரல. அந்த கிளாஸ்ல ஒக்காந்திருந்தப்பத்தான் வந்துச்சு."

"அக்கா மேலயா?"

"யார் மேலன்னு தெரியல. அந்த மேடம் சொன்னது எல்லாம் எனக்கு வெளங்குச்சு. வெளங்காம இருந்திருந்தா நிம்மதியா திரும்பி வந்திருப்பேன்."

படிப்பு பிரயோசனமா என்று கேட்கிறவர்கள் இந்தப் பிள்ளையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கேட்கலாம்.

நிரோஷா உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள். லீவு முடிந்து தங்கச்சி கொழும்புக்குக் கிளம்பியபோது அவளும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். "நானும் உன் கடைய ஒருக்கா பார்க்கணும்" என்றாளாம். மேனேஜரிடம் கேட்டு, ஒரு நாள் முழுக்கத் தங்கச்சியோடு சாரி செக்‌ஷனில் நின்றாள். எடுத்துப் போட்டாள், மடித்து வைத்தாள், வாங்காமல் போனவர்களுக்கும் சிரித்தாள். வேலை நேரத்தில் உட்காரக்கூடாது என்பது கடையின் சட்டம்.

சாயங்காலம் தங்கச்சி தங்கியிருக்கிற போர்டிங்குக்கு வந்து செருப்பைக் கழற்றினால் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காலைப் பார்த்து, தங்கச்சியைப் பார்த்து அழுதிருக்கிறாள்.

"இத்தன வருஷமும் இப்பிடியாடி நின்ன? நான் அங்க ஒக்காந்து படிக்க?"

கௌசல்யா சுடுதண்ணீர் வைக்க எழுந்தபடியே சொன்னாளாம்:

"லன்ச்சுக்கு ஒக்காருவோம்ல."