அம்மாவின் பெயரில் நாற்பத்தொரு கேம் பெட்டிகள்

அம்மாவைச் சந்திக்க ஒரு வீடியோ கேம் கொம்பனியிலிருந்து ஆள் வரப்போகிறார் என்பதை எனக்கு அம்மாதான் சொன்னார். நான் வேலையில் இருந்தேன்.

"பிள்ளை, வியாழக்கிழமை லீவு எடு. ஒருத்தர் என்னோட கதைக்க வாறாராம். நான் நல்லா விளையாடுறனாம்."

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. கனடாவில், அஜின்கோர்ட்டில், ஒன்பதாம் மாடியில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். தலையணை உறை தைக்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவர் எதையும் விளையாடி நான் பார்த்ததில்லை. தாயக்கட்டையைக்கூட அவர் கையால் தொட்டதில்லை.

உடனே மச்சாளை அழைத்தேன். மச்சாள் என்றால் அம்மாவின் தம்பி மகள்; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். யாழ்ப்பாணத்தில் வங்கி வேலையை விட்டுவிட்டு, நெல்லியடியில் கேம் விளையாடும் கடை ஒன்றை நடத்துபவள். மணிக்கணக்குக்குப் பெட்டியை வாடகைக்கு விடுவாள். பின்னேரம் ஆனால் ஆசிரியர்களும் ஓட்டோக்காரர்களும் வந்து கால்பந்து கேம் ஆடுவார்கள். அந்தப் பெட்டிகளைக் கொம்பனி இலங்கைக்கு அனுப்புவதில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊருக்குப் போகிறவர்களின் சூட்கேஸ்களில், சேலைகளுக்கு நடுவே சுற்றப்பட்டுத்தான் அவை போய்ச் சேருகின்றன.

மூன்று வருடத்துக்கு முன் முதல் பெட்டியை அவள் இயக்கியபோது அது நாட்டைக் கேட்டது. ஆங்கில அகரவரிசைப் பட்டியலில் ஸ்பெயின் இருந்தது. அதற்கு அடுத்தது ஸ்வீடன். இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய இலங்கை இல்லை. நாட்டைத் தெரிவு செய்யாமல் அது மேற்கொண்டு நகரவும் இல்லை. ஆகவே மச்சாள் கனடாவைத் தெரிவு செய்தாள். பெயர் கேட்டது, அம்மாவின் பெயர். பிறந்த திகதி கேட்டது, அதுவும் அம்மாவுடையது. விலாசம் கேட்டது, எங்கள் வீடு.

அன்று அவள் அம்மாவிடம் அனுமதியும் கேட்டிருக்கிறாள். "மாமி, உங்கட பேரைப் போடட்டே?" "போடு பிள்ளை. பேர் தேய்ஞ்சே போகப்போகுது?" என்றிருக்கிறார் அம்மா.

எனக்கு அதுவரைதான் தெரியும். இப்போது ஃபோனில் மச்சாள் மிச்சத்தையும் சொன்னாள்.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. பருத்தித்துறையில ஒரு கடைக்காரர் கேட்டவர். பிறகு சாவகச்சேரி. பிறகு கிளிநொச்சி. பெட்டிக்கு ஒரு புது ஈமெயில் போட்டனாங்கள். மற்றதெல்லாம் மாமியின்ரதான்."

"மொத்தம் எத்தினை?"

"நாப்பத்தொண்டு."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று விளங்கியது. கடந்த ஆவணி மாதம், அம்மாவின் பிறந்தநாளன்று, முன்பின் தெரியாத ஆண்கள் வரிசையாக ஃபோன் எடுத்து, "அன்ரி, ஹாப்பி பேர்த்டே" என்றார்கள். நாற்பத்தொரு பெட்டிகளும் ஒரே நாளில் திரையில் பலூன் பறக்கவிட்டு வாழ்த்தியிருக்கின்றன. அவர்கள் மச்சாளிடம் நம்பர் வாங்கி மரியாதைக்கு அழைத்திருக்கிறார்கள். கோயில் ஆட்கள் என்று நினைத்து அம்மா எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை அந்த மனிதர் வந்தார். ஒல்லியாக, உயரமாக, வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா அவருக்கு மட்டன் ரோல்ஸும் தேத்தண்ணியும் வைத்தார். அவர் ஒரு ரோலைக் கடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நாற்பத்தொரு பெட்டிகளைத் தேடுகிறார் என்று தெரிந்தது. எங்கள் கூடத்தில் ஒரு ரிவியும், ஊருக்குப் பொதி அனுப்பும் கூரியர் கடை தந்த கலண்டரும்தான் இருந்தன.

ஆங்கிலத்தில் கேட்டார். நான் அம்மாவுக்குச் சொன்னேன்.

"நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் விளையாடுகிறீர்கள்?"

"நான் விளையாடுறேல்ல எண்டு சொல்லு."

சொன்னேன். அவர் சிரித்து, அடக்கம் என்று எழுதிக்கொண்டார். தன்னுடைய ரப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். போன ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா ஒரே நேரத்தில் பதினேழு ஆட்டங்கள் ஆடியிருந்தார். அதில் இரண்டு தடவை அம்மாவுக்கு எதிராக அம்மாவே கோல் அடித்திருந்தார்.

அந்த நேரத்தில் அம்மா பக்கத்தில், வெக்ஸ்போர்ட்டில், ஒரு கலியாண வீட்டில் இருந்தார். படம் என் ஃபோனில் இருந்தது. நான் காட்டவில்லை. உண்மை தெரிந்தால் பெட்டிகளை முடக்கிவிடுவார்கள், மச்சாளின் கடை போய்விடும் என்று பயந்தேன். குடும்பம் பெரியது என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "என்ன, ஒளிச்சு ஒளிச்சுக் கதைக்கிறாய்?" என்று என்னை அதட்டிவிட்டு, தொழிற்சாலையில் கற்ற ஆங்கிலத்தில் தானே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். கடை, சூட்கேஸ், சேலை, பட்டியல், எல்லாம். முடிவில் என் பக்கம் திரும்பினார். "எங்கட நாட்டை ஏன் லிஸ்ட்டில போடேல்ல எண்டு கேள்."

நான் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. மிகவும் பொறுமையாக விளக்கினார். அது மிகச் சிறிய சந்தை. அங்கே யாரும் விளையாடுவதில்லை. கணக்கில் ஒரு ஆள்கூட இல்லை.

"எப்பிடி இருக்கும்?" என்றார் அம்மா. "எல்லாரும் என்ர வீட்டிலயெல்லே இருக்கினம்."

நான் மொழிபெயர்த்தேன். அவர் ரப்லெட்டில் படிவத்தைத் திறந்தார். ஆனால் அவருடைய படிவத்தில் இதை எழுத இடம் இருக்கவில்லை. நாட்டுக்கான கட்டத்தில் அவரும் தேடிப் பார்த்தார். ஸ்பெயின், ஸ்வீடன். கடைசியில் பெருமூச்சு விட்டு, கனடா என்று அழுத்தினார். மிச்ச ரோல்ஸை அம்மா ஃபோயிலில் சுற்றிக் கொடுத்தார்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. அஜின்கோர்ட்டில் ஆர்வம் அளவுக்கு மீறி இருப்பதாகக் கணக்கில் தெரிவதால், பக்கத்து மோலில் கொம்பனி ஒரு விற்பனைக் கூடம் திறக்கிறதாம். அம்மா ரிபன் வெட்டவேண்டுமாம்.

"போகவே வேணும்?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டால் போகாமல் இருக்கிறது மரியாதை இல்லை," என்றார். பட்டுச்சேலை உடுத்து வந்தார். நீலச் சட்டை போட்ட ஆறு பணியாளர்கள் கைதட்டினார்கள். நான் வட்ஸ்அப்பில் மச்சாளுக்குக் காட்டினேன். அங்கே கடை நிறைய ஆட்கள், கதிரைகளில் ஏறி நின்று விசிலடித்தார்கள். இங்கே வேடிக்கை பார்த்தது நானும், கைத்தடியோடு நின்ற ஒரு சீனப் பெரியவரும் மட்டும்தான். அவர் அங்கே பார்மசியைத் தேடி வந்தவர்.

அந்தக் கூடம் ஏழு வாரம் இருந்தது. அஜின்கோர்ட்டில் யாரும் வாங்கவில்லை. மூடும்போது அந்த ஒல்லி மனிதர் அழைத்து, இவ்வளவு விளையாடுகிற இடத்தில் ஏன் ஒரு பெட்டியும் விற்கவில்லை என்று மேலிடம் தன்னிடம் விளக்கம் கேட்பதாகச் சொன்னார். அம்மாவுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. வீட்டுக்கு வரச் சொன்னார். அவரும் வந்தார். இந்த முறை ரப்லெட் கொண்டுவரவில்லை.

ரிபன் வெட்டியதற்குப் பரிசாகக் கிடைத்த பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் கூடத்தில் கிடந்தது. அவர்தான் அதை ரிவியில் பூட்டி, எந்தப் பொத்தானை அழுத்தினால் பந்து பாயும் என்று அம்மாவுக்குக் காட்டினார். அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நெல்லியடிக்கு எதிராக ஆடினார். ஒன்பதுக்குப் பூச்சியம் என்று தோற்றார்.

மச்சாளின் குரல் ரிவியிலிருந்து வந்தது. "மாமி, நீங்கள் உங்கட கோலுக்குள்ளயே அடிக்கிறீங்கள்!"

"ஆர் கோல் எண்டு எனக்கென்னெண்டு தெரியும்? ரெண்டு பக்கமும் என்ர பேரெல்லே போட்டிருக்கு," என்றார் அம்மா. பிறகு அந்த மனிதரைப் பார்த்து, "யூ பிளே," என்று பொத்தான் பலகையை நீட்டினார். அவர் நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து ஆடத் தொடங்கினார்.