மசாஜ்காரர் விழுங்கிய வலி மாத்திரை

மருந்துக்கடையில் நோய்க்குப் பெயர் கிடையாது. மாத்திரைக்கு நிறம்தான் உண்டு. மூட்டும் முதுகும் உள்ள உங்களுக்குத் தெரியாததா? "அந்தச் சிவப்பு மாத்திரை நாலு" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள், என்னைப் போல ஒருவன் எடுத்துக் கொடுத்திருப்பான்.

விரல்

என் கடை தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில். சுடலைமுத்து அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்பவர். சீசனில் நாளைக்கு இருபது முதுகு பிடித்துவிட்டு, வீங்கிய கட்டைவிரலோடு வருவார். டாக்டர் சீட்டு கேட்டால் சிரிப்பார். நானும் கொடுத்துவிடுவேன்.

விழுங்குகிற மாத்திரை விரலை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று ஒருநாள் கேட்டார். கண்டுபிடிப்பதில்லை, ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது என்றேன். வீங்கிய இடத்தில் உடம்பே ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. அது நரம்பு முனையைச் சீண்டிவிட, லேசாகத் தொட்டாலும் மூளைக்கு வலி என்று சேதி போகிறது. மாத்திரை அந்தச் சுரப்பைக் குறைப்பதால் நரம்பு அடங்குகிறது. ஆனால் வயிற்றின் உள்சுவரைக் காப்பதும் அதே வகை ரசாயனம்தான், தினமும் போட்டால் புண் வரும் என்றும் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அப்போ வயித்துக்குள்ள போவாம பாத்துக்கிட்டா போச்சு, அண்ணாச்சி."

எண்ணெய்

மறுநாள் பத்து மாத்திரையைப் பொடித்து மசாஜ் எண்ணெயில் கலந்துவிட்டார். முதுகு பிடிக்கப் பிடிக்கத் தன் விரலுக்கும் மருந்து ஏறும் என்று கணக்கு. விரலுக்கு ஒரு பலனும் இல்லை. மாத்திரை மேல்பூச்சின் சிவப்புச் சாயம் மட்டும், கேரளத்துக் கொல்லத்திலிருந்து குளிக்க வந்த ஒருவரின் முதுகில் ஏறிவிட்டது. சாயங்காலம் கடைக்கு வந்து புலம்பினார்: "'ரத்தமில்ல சார், மருந்துதான்'னு சொன்னேன், அண்ணாச்சி. வரிசையில நின்ன ரெண்டு பேரும் சேந்து ஓடிட்டாங்க!"

வயிறு

பழையபடி விழுங்க ஆரம்பித்தார். ஆடிக் கடைசியில் முகம் வெளுத்து வந்து, தலைசுற்றலுக்கு டானிக் கேட்டார். வயிறு வலிக்கிறதா என்றேன். இல்லையாம். மலம் மட்டும் நாலு நாளாகத் தார் மாதிரி கறுப்பாம். எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே ரத்தம் கசிகிறது. வயிற்றுப் புண்ணின் வலியையும் நான் கொடுத்த மாத்திரையே அமுக்கியிருக்க வேண்டும்.

கடையைப் பூட்டி, ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். சீட்டில்லாமல் கொடுத்தது நான்தான் என்று டாக்டரிடம் சொன்னேன். வெட்கமாக இருந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியபின் பிழைத்தார். வார்டு வாசலில் அவர் மனைவி என்னைத் திட்டவில்லை, கேட்டார்: "கையி வலிக்குன்னாரு, மாத்திர கொடுத்தீய. வயிறு வலிக்குன்னு சொல்ல விட்டீயளா, அண்ணாச்சி?"

இப்போதெல்லாம் சீட்டில்லாமல் வருகிறவர்களுக்கு நான் விளக்கம் மட்டுமே கொடுக்கிறேன், அவர்கள் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு எதிர்க்கடையில் மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள்.