ராமுத்தாய் கைப்பையின் காந்தப் பொத்தான்

என் அண்ணன் மகள் ஹேமாவதி பெங்களூரில் காந்தத்தை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள் என்று ஒருமுறை ஜெயமங்கலத்தில் வாயைவிட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவள் ஊருக்கு வந்தால் போதும், மூட்டுவலிக்காரர்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். காந்த வைத்தியமாம். முதல் ஆள் பக்கத்து வீட்டு ஒச்சாண்டி.

அவள் செய்வது வேறு. மீகடத்தி என்று ஒன்று இருக்கிறது. கடுங்குளிரில் வைத்தால் மின்சாரம் அதில் துளியும் சூடாகாமல் ஓடும். உள்ளே எலெக்ட்ரான்கள் ஜோடி போட்டுப் போவதுதான் காரணம். ஜோடியில் ஒன்றின் சுழற்சி மேலே பார்க்கும், மற்றது கீழே. காந்தத்துக்கு இது ஆகாது. எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கவேண்டும் என்று ஜோடியைப் பிரித்துவிடும். இந்த இரண்டையும் சேர்த்துக் குடித்தனம் நடத்த வைத்தால் சூடாகாத கம்ப்யூட்டர் வருமாம். அதற்காகக் காந்தப் படலங்களை மீகடத்திகளுக்கு நடுவில் அடுக்கி, நகக்கண் அளவு சில்லுகளாகச் செய்து, மின்சாரம் தாண்டுகிறதா என்று வருஷக்கணக்காகப் பார்த்தாள். தாண்டவில்லை. அடுத்த சில்லும் சரிவராவிட்டால் தலைப்பை மாற்றிவிடலாம் என்றார் பேராசிரியர். மறுபடி முதலிலிருந்து தொடங்க அவளுக்குத் தெம்பு இல்லை. பட்டமே வேண்டாம் என்று வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கடைசிச் சில்லைத் திருவனந்தபுரத்தில் செய்து வாங்கிக்கொண்டு, குமுளி வழியாக வந்தவள் வீட்டில் தங்கினாள். சின்ன பிளாஸ்டிக் பெட்டி. "தெறக்காத, குலுக்காத, ஃப்ரிட்ஜுல வைக்காத" என்று தாய்க்குக் கட்டளை.

அண்ணி ராமுத்தாய் ஒன்றையும் மீறவில்லை. சனிக்கிழமை மகள் தேனிக்குப் போன நேரம் பார்த்து, பெட்டியைக் கைப்பையில் வைத்துக் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய்விட்டார். ஏழரைச் சனி நடக்கும் பிள்ளையின் ஹால் டிக்கெட்டைச் சாமி காலடியில் வைத்து எடுப்பதில்லையா? சில்லுக்கு மட்டும் என்ன விதிவிலக்கு! மகள் திரும்புவதற்குள் பெட்டி பழைய இடத்தில் இருந்தது.

பெங்களூர் போனவள் கொஞ்ச நாளில் போன் செய்தாள். மின்சாரம் தாண்டிவிட்டது. சந்தோஷப்படாமல் பதறினாள். ஏன் தாண்டியது என்று தெரியாவிட்டால் பட்டம் தரமாட்டார்களே!

"அம்மா, பெட்டியத் தொட்டியா?"

"நான் எதுக்குத்தா தொடுறேன்?" என்றார் அண்ணி. பிறகு இறங்கி வந்தார். "பையோட சாமி காலடில வச்சு எடுத்தேன். அம்புட்டுத்தான்."

"எந்தப் பையி?"

"நீ மொத மொத வாங்கிக் குடுத்தியே, அது. நல்ல காரியத்துக்குன்னு அன்னைக்குத்தான் வெளிய எடுத்தேன்."

ஹேமாவதிக்குப் பொறி தட்டியது. அந்தப் பையை மூடுவது ஒரு காந்தப் பொத்தான். அது பெட்டியோடு ஒட்டிக் கிடந்து ஒரு படலத்தை மட்டும் கோணலாகத் திருப்பிவிட்டிருக்கிறது. அந்தக் கோணல்தான் வேண்டியிருந்தது. கோணலில் ஜோடி பிரியாமல், இரண்டும் ஒரே பக்கம் சுழன்றபடி காந்தத்துக்குள் நுழைந்துவிடுமாம். இவள் இத்தனை நாளும் எல்லாவற்றையும் நேராக நிறுத்திக்கொண்டிருந்தாள்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "சாமி இல்லம்மா, அந்தப் பொத்தான்தான்! எல்லாமே அதுலதான் இருக்கு. பத்திரமா வையி. அதோட பலத்த அளக்கணும்."

அளக்கும் கருவியோடு ஓடிவந்தாள். பையில் பொத்தான் இருந்த இடத்தில் ஓட்டை. பொத்தான் பூஜை அலமாரியில், சனீஸ்வரன் படத்துக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமத்தோடு இருந்தது. முன்னால் எள் விளக்கு.

"என்னம்மா இது?"

"நீதான சொன்ன, எல்லாமே அதுலதான் இருக்குன்னு? வெளக்கேத்துன எடத்தவிட்டு எடுக்கக் கூடாது. குளிச்சிட்டு வந்து அங்கனயே அளந்துக்க."

குளித்துவிட்டு வந்தாள். அலமாரிமுன் சம்மணம் போட்டு, கருவியை இரண்டு கையாலும் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வாசலில் இருந்து ஒச்சாண்டி பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தக் கணக்கை வைத்து அடுத்த சில்லைக் கோணலாக்கினாள். அதிலும் தாண்டியது. ஒரு சிறு காந்தத்தால் படலம் திருப்பப்பட்டது என்று கட்டுரையில் எழுதினார்கள். எந்தக் காந்தம் என்று எழுதவில்லை. பட்டம் கிடைத்தது.

இப்போது ஹேமாவதி ஊரில் இல்லாவிட்டாலும் மூட்டுவலிக்காரர்கள் வருகிறார்கள். பொத்தானைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அது அறிவியல் என்று ஒச்சாண்டிக்கு எடுத்துச் சொல்லப் போனேன்.

"பிள்ளைக்குப் பட்டம் குடுத்துட்டாகள்ல?" என்றார்.

"குடுத்துட்டாக."

"பொத்தான் இல்லாட்டிக் குடுத்திருப்பாகளா?"

கொடுத்திருக்க மாட்டார்கள்தான்.