இருபத்திரண்டு படிக்கு ஒரு கப்பல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு தெய்வத்தை ஏமாற்ற முயன்றவன். அதுவும் எந்தத் தெய்வம் என்று சரியாகத் தெரியாமலே. ஐம்பத்தைந்து வயது, வீட்டில் நாலு அலுமாரி நிறையப் புத்தகம், மனைவி கோயிலுக்குள் போனால் வெளியே காருக்குள் இருந்து வாசிக்கிற அளவுக்குப் பகுத்தறிவு. இவ்வளவும் இருந்தும் ஒரு வெள்ளிச் சுரங்கத்துக்குள் குந்திக்கொண்டு வாய்விட்டு நேர்த்திக்கடன் வைத்தேன். மேலே வந்ததும் அதிலிருந்து தப்ப வழி தேடினேன்.

இதற்கெல்லாம் காரணம் மச்சானின் கப்பல்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. மொன்றியலின் ஓரத்தில், ஆறு சூழ்ந்த இல்-பிசார் தீவில் வீடு. ஒவ்வொரு குளிர்காலமும் குடும்பத்தோடு ஒரு கிழமை உல்லாசக் கப்பலில் போவார். திரும்பி வந்ததும் எங்களைக் கூப்பிட்டு, சுவரளவு தொலைக்காட்சியில் அங்கே என்னென்ன சாப்பிட்டார்கள் என்பதை நாள் வாரியாகக் காட்டுவார். கடல் எப்போதாவது ஒரு இறால் தட்டுக்குப் பின்னால் தெரியும். இதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கப்பலில் அவர் ஏழு நாளும் முந்நூற்றி நாலு என்கிற சீட்டாட்டம் விளையாடுவார். கூட்டாளி ஒரு சீட்டைப் பிழையாகப் போட்டுவிட்டால் அடுத்த துறைமுகம் வரும்வரை விசாரணை நடக்கும். பல வருடங்களுக்கு முன் ஒரு பிறந்தநாள் வீட்டில் நான் துரும்புச் சீட்டை அவசரப்பட்டு இறக்கியது இன்றைக்கும் அவருக்கு நினைவிருக்கிறது. எனக்கு அது யாருடைய பிறந்தநாள் என்பதே நினைவில்லை.

மனைவிக்குத் தம்பியோடு கப்பலில் போக ஆசை. எனக்கோ, ஸ்பானியர்கள் வெள்ளிக்காகத் தோண்டித் தோண்டி மலைகளுக்கிடையில் கட்டியெழுப்பிய மெக்சிக்கோ நகரமான குவானஹுவாத்தோவுக்குப் போக ஆசை. அதைப் பற்றி மூன்று புத்தகம் படித்திருந்தேன். மூன்று புத்தகம் படித்த ஊருக்கு நான் பாதி போய்வந்தவன் மாதிரித்தான். மிச்சப் பாதிக்குத்தான் விமானம் தேவை.

மொன்றியல் புறநகரான புவாண்ட்-கிளேரில் எங்கள் குசினியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, ஒப்பந்தம் எழுதப்படாமல் கைச்சாத்தானது.

"இந்த முறை உங்கடை ஊருக்கு வாறன்," என்றாள் மனைவி. "ஆனா எனக்குப் பிடிக்கேல்லையெண்டா அடுத்த முறை தம்பியாக்களோடை கப்பல். மூஞ்சையை நீட்டாமல் வரவேணும்."

"பிடிச்சிருந்தா?"

"பிடிச்சிருந்தா கப்பல் கதையே உங்களோடை எடுக்கமாட்டன்."

"நீர் இதிலை நிப்பீரோ?"

"நான் நிப்பன். நீங்கள் அங்கை ஏறி நிப்பியளோ எண்டுதான் யோசிக்கிறன்."

அவள் சொன்னது வாடகைக் கார் எங்களை இறக்கிவிட்ட நிமிடமே விளங்கியது. அந்த ஊரில் கார்கள் நிலத்துக்குக் கீழே, ஒரு காலத்தில் ஆறு ஓடிய குடைவுகளுக்குள் ஓடுகின்றன. மனிதர்கள் மேலே படிகளில் ஓடுகிறார்கள். வீடுகள் ரோசாவும் மஞ்சளும் நீலமுமாக, யாரோ வீடு மாறும்போது அவசரத்தில் அடுக்கிவைத்த பெட்டிகள் போல மலையில் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நின்றன. எங்கள் விடுதி ஆக மேலே இருந்த பெட்டி.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு மலை என்பது பூமிசாத்திரப் புத்தகத்தில் வரும் படம். அங்கே உயரமானவை என்றால் கோபுரமும் பனையும்தான். இரண்டிலும் நான் ஏறியதில்லை. மொன்றியலில் ஒரு மலை இருக்கிறதுதான். ஆனால் அதில் காரில் போகலாம்.

மனைவி தன் பெட்டியோடு ஏறிப் போனாள். பிறகு இறங்கி வந்து என் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். பத்து வருடமாக, குளிர்காலக் காலைகளில் கடைகள் திறக்க முன்னம், புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதிக்குள் நாலு பெண்களோடு இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்குமாக நடப்பவள் அவள். அதை நான் பத்து வருடமாகக் கேலி செய்து வந்திருக்கிறேன்.

பெட்டிதான் அவமானம்; ஒப்பந்தம் எனக்குச் சாதகமாகவே போனது. சந்தையில் பத்து விதமான செத்தல் மிளகாயைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. தமிழிலேயே விலை கேட்டாள், அந்தப் பெண்கள் ஸ்பானிய மொழியில் சொன்னார்கள், இரண்டு பக்கமும் சிரித்தார்கள், மிளகாய் பைக்குள் வந்தது. எனக்குப் பதற்றம் வந்தால் பிரெஞ்சு வரும். மொன்றியலில் இருபத்தாறு வருடமாக நான் பிரெஞ்சில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அங்கேயும் பிரெஞ்சில் கேட்டேன். அங்கேயும் ஆங்கிலத்தில்தான் பதில் வந்தது.

இரண்டாம் நாள், ஒரு தேவாலய வாசலில், தட்டு நிறைய வெள்ளியில் சின்னச் சின்னக் கால், கை, கண் விற்றார்கள்.

"இஞ்சை பாருங்கோ! எங்கடை கோயிலிலை போடுறது மாதிரியெல்லோ!" என்று மனைவி அதிசயப்பட்டாள். கால் நோவென்றால் வெள்ளிக்கால் போடுவதாக நேர்வதும், கண் நோவென்றால் வெள்ளிக்கண் போடுவதும் எங்களுக்குப் புதிதல்லவே. அவள் ஒரு காலை வாங்கி என் கையில் வைத்தாள். "உங்கடை முழங்காலுக்கு. வைச்சிருங்கோ."

நான் அந்த இடத்திலேயே ஒரு விளக்கவுரை தொடங்கினேன். கடவுளுக்கு அளவு முக்கியமில்லை, ஒரு அங்குலக் கால் முழுக் காலுக்கு ஈடாக நிற்கும், உலகம் முழுக்க மனிதன் இப்படித்தான் முழுமைக்குப் பதிலாகச் சிறு துண்டைக் கொடுத்து வந்திருக்கிறான் என்று. விளக்கவுரையில் நான் ஆபிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவி கரும்புச்சாறு வாங்கப் போயிருந்தாள். தட்டுக்காரி கடையைக் கட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள் மாலை விடுதி மொட்டைமாடியில் இருந்தோம். வெயில் சாய, எதிர்மலைப் பெட்டிகள் எல்லாம் ஒரே நிறமாகிக்கொண்டு வந்தன.

"சும்மா சொல்லக்கூடாது," என்றாள். "நல்ல இடந்தான்."

"இன்னொருக்காச் சொல்லும்."

"ஏன்?"

"சொல்லுமன்."

சொன்னாள். நான் அதை ஃபோனில் பதிவு செய்துகொண்டேன். கப்பலிலிருந்து தப்பிவிட்டேன். மூளையுள்ளவன் என்றால் அதோடு எழும்பிப் போய்ப் படுத்து, அடுத்த நாள் பின்னேரம் விமானம் ஏறியிருப்பான். நான் வாயைத் திறந்தேன்.

"நாளைக்குக் காலமை சுரங்கத்துக்கை இறங்கிப் பாப்பம்."

"உங்கடை முழங்கால்?"

"இறங்கிறதுதானே."

"இறங்கினா ஏறவேணுமேயப்பா."

"அது பேந்து பாப்பம்."

சுரங்க வாசலில் தலைக்கவசம் தந்தார்கள். பத்துப் பேர்கொண்ட கூட்டம். வழிகாட்டி அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. வேலைக்கு வந்த மாதிரியே இல்லை, பக்கத்து வீட்டுக்குச் சீனி கேட்கப் போகிறவர் மாதிரி இறங்கினார். பாறையில் வெட்டிய படிகள். அவர் ஸ்பானிய மொழியில் சொல்லச் சொல்ல, எனக்கு அது விளங்காததால், நானே என் மனைவிக்குத் தனியாக வழிகாட்டத் தொடங்கினேன்.

"இந்தப் படியளிலைதான் ஆக்கள் முதுகிலை கல்லுமூட்டையோடை ஏறினவை. ஒருதரம் இல்லை, நாள் முழுக்க. செருப்புமில்லாமல்."

அவள் நின்று, படிகளைக் கீழும் மேலும் பார்த்தாள். "பாவங்கள்," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கள் ஒருதரம், மூட்டையில்லாமல் ஏறுங்கோ பாப்பம்."

ஏறினேன். அடிவரை பார்த்துவிட்டுத் திரும்பும்போது முதல் இருபது படி பேசிக்கொண்டே. அடுத்த இருபது படி பேசாமல். அதற்கடுத்த படிகளை நான் எண்ணவில்லை. அவைதான் என்னை எண்ணின. அந்த ஊரே ஆகாயத்துக்குக் கிட்ட இருப்பது, காற்று மெல்லிசு. கூட்டம் மேலே போய்விட்டது. மனைவியும் ஒரு வளைவில் மறைந்துவிட்டாள். நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போட்டார்கள். ஒரு படியில் குந்திவிட்டேன். பக்கத்துப் பாறைக் குடைவில், சின்ன மின்குமிழ் வெளிச்சத்தில், ஒரு புனிதர் நின்றார். யாரென்று தெரியாது. மூன்று புத்தகத்திலும் அவர் இல்லை.

செத்துப்போவேன் என்று உண்மையாகவே நினைத்தேன். அப்போதுதான் நேர்த்தி நினைவுக்கு வந்தது. நேர்த்தி என்றால் நமக்கு ஆக வலிக்கிறதைக் கொடுக்கவேண்டும். முடி காணிக்கை என்றால், அதைக் காலம் ஏற்கெனவே வாங்கிவிட்டது. காவடிக்கு இந்த முதுகு தாங்காது. உபவாசம் என்றால் வைத்தியரே அதைத்தான் சொல்லுகிறார், அது காணிக்கையாகாது. யோசித்துப் பார்த்தால் என்னிடம் வலிக்கிற பொருள் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"பிள்ளையாரே," என்றேன், புனிதரைப் பார்த்து. "அல்லது இஞ்சை பொறுப்பாய் இருக்கிற ஆரெண்டாலும். என்னை மேலை கொண்டுபோய் விடப்பா. நான் மச்சானோடை கப்பலிலை போறன்."

சுரங்கத்தில் குரல் எப்படிப் போகும் என்பதும் அந்த மூன்று புத்தகத்தில் இல்லை. "போறன்... போறன்..." என்று அது படிப்படியாக ஏறிப் போனது. என்னால் முடியாததை என் குரல் செய்தது.

"கேட்டுது," என்று மேலிருந்து ஒரு பதில் வந்தது.

ஒரு கணம் மெய்சிலிர்த்துவிட்டேன். பிறகுதான், மெக்சிக்கோப் புனிதர் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்க வாய்ப்பில்லை என்பது உறைத்தது.

கூட்டத்தில் வந்த ஒரு கிழவி, கைப்பையும் கையுமாகத் திரும்பி இறங்கி வந்து, என் வாயில் ஒரு இனிப்பைத் திணித்தார். புளியும் உப்பும் மிளகாய்த்தூளும். என் உடம்பு அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது. எழும்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வளைவைத் திரும்பினேன். வெயில்! சுரங்க வாசல் முகத்துக்கு நேரே நின்றது. மிச்சப் படிகளை எண்ணினேன்: இருபத்திரண்டு.

இன்னும் ஒரு வளைவுக்கு வாயைப் பொத்திக்கொண்டிருந்திருந்தால் போதும். இருபத்திரண்டு படிக்கு ஒரு கப்பலைக் கொடுத்துவிட்டேன். வெளியே வந்தபோது மனைவி ஃபோனில் யாரோடோ கதைத்துக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

விமானத்தில் என் பதிவைப் போட்டுக் காட்டினேன். 'நல்ல இடந்தான்' என்றது அவள் குரல்.

"ஓம், நான் சொன்னதுதான்," என்றாள். "எனக்காக நீங்கள் வரத் தேவையில்லை. ஆனா சாமிக்கெல்லோ சொல்லியிருக்கிறியள்."

"அது பிள்ளையாரெண்டு கூப்பிட்டு வேறை ஆளுக்குச் சொன்னது. செல்லாது."

"ரெண்டு பேரும் கேட்டிருப்பினம். இன்னும் மோசம்."

அவள் பகிடி விடவில்லை. அந்த வசந்தம் முழுக்க அந்த நேர்த்தி வீட்டுக்குள் வாடகையில்லாமல் குடியிருந்தது. காரின் மின்கலம் செத்தது, என்னைப் பார்த்தாள். நிலக்கீழ் அறைக்குள் பனித்தண்ணீர் கசிந்தது, என்னைப் பார்த்தாள். எனக்குப் பல் வலித்தபோது பார்க்கக்கூட இல்லை. "சொன்னதைச் செய்யுங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கோடை தொடங்கி ஒரு ஞாயிறு, மச்சான் வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்கு ஒரு வழி வெளித்தது. இல்-பிசாரிலிருந்து அக்கரையிலுள்ள லாவாலுக்குக் கார்களை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற தட்டைப் படகு ஒன்று ஓடும். ஊரிலே 'பாதை' என்போமே, அந்த மாதிரி. காரை ஓரமாக நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து வெள்ளிக்காலை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"உங்கடை கால்."

"இந்த ஒரு அங்குலம் என்ரை காலெண்டா, அந்தப் படகு கப்பல். ஒரே சட்டந்தானே?"

அவள் வெள்ளிக்காலைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள். நியாயம் தெரிந்தவள். "சாமி என்ன சொல்லுமோ தெரியாது," என்றாள் கடைசியில். "ஆனா தம்பியும் ஏறவேணும். நானும் சாட்சிக்கு வருவன்."

மச்சானிடம் படகில் போவோம் என்றேன். "லாவாலிலை என்ன அலுவல் அத்தான்?" என்றார். அலுவல் ஒன்றுமில்லை, காற்று வாங்க என்றேன். அவர் ஒருமாதிரி அக்காவைப் பார்த்தார். அக்கா ஆற்றைப் பார்த்தாள்.

படகு ஏழெட்டுக் கார்களோடு நகர்ந்தது. நான் காரிலிருந்து இறங்கிக் கம்பியோரம் போய் நின்றேன். ஒரு கையில் வெள்ளிக்கால். கண்ணை மூடி, பிள்ளையாருக்கும் பெயர் தெரியாத மற்றவருக்கும் கணக்கு முடித்துவைத்தேன். கண்ணைத் திறந்தபோது பாதி ஆறு முடிந்திருந்தது. மச்சான் பக்கத்தில் நின்று, கப்பலில் எடுப்பது போலவே இதையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மனம் லேசாகிவிட்டது. ஒரு கிழமைத் தண்டனையை ஐந்து நிமிடத்தில் முடித்தவனுக்கு வருகிற பெருந்தன்மையோடு அவர் தோளில் கையைப் போட்டேன். இந்த ஆற்றை முதலில் கடந்தவர்கள் யார், அவர்கள் எந்த மரத்தில் படகு செய்தார்கள் என்று சொல்லத் தொடங்கினேன்.

அவர் ஃபோனை மெல்லப் பைக்குள் வைத்தார்.

"அத்தான், குறை நினைக்காதேங்கோ. அக்கா அண்டைக்குச் சுரங்க வாசலிலை நிண்டே எனக்கு எல்லாம் சொன்னவ. நாங்கள் வாற தைக்குக் கப்பல் ரிக்கெற் போட்டாச்சு. அக்காவுக்கும் போட்டிருக்கு. உங்களுக்குப் போடேல்லை. உங்களோடை ஒரு கிழமை கடலுக்கை இருக்கிறதெண்டா, நேர்த்தி நாங்களெல்லோ வைக்கவேணும்."