ஞாயிற்றுக்கிழமை மின்சாரம்

"20.6.2004, ஞாயிறு. மாலை 4.40. மூன்று பெடல்களும் சோதித்தாயிற்று. தேர்வு: B. காரணம்: தேன் மாதிரி இறங்குகிறது. வானம் தெளிவு. மின்விசிறிக் காற்றில் தாள் பறந்தது. மேலே சுருட்டிய கேபிளை வைத்தேன்."

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. வானத்தைக்கூட எழுதியிருக்கிறேன். எழுத வேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை.

அப்போது ஸ்ரீபெரும்புதூரில், கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். மண்ணூர் பக்கத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் தரச்சோதனைப் பிரிவில் வேலை. அறையைப் பகிர்ந்துகொண்டவன் திருநெல்வேலிக்காரன். அதே ஆலையில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ். காலை ஷிப்ட் முடிந்தால் ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் எங்களை இறக்கிவிடும். ஓ.டி. என்ற கூடுதல் நேர வேலை இருந்தால் எட்டாகும்.

கல்லூரி நண்பன் ஒருவன் வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு போனபோது தன் டியூப் ஆம்பை என்னிடம் விட்டுப் போனான். கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி அது. உள்ளே பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டதும் பேசாது. முதலில் பின்பக்கத் துளைகளில் மங்கலான ஆரஞ்சு வெளிச்சம் பரவும். சூடேறிய தூசியின் வாசனை வரும். அந்த ஒரு நிமிடம், வாசிக்காமல், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஷிப்டில் காதுக்குள் சேர்ந்த பிரஸ் மெஷின்களின் சத்தம் அந்த நேரத்தில்தான் ஒவ்வொன்றாக எழுந்து போகும்.

ஆம்பின் ஒலி மிகச் சுத்தமானது. தெளிந்த நீரில் கூழாங்கற்கள் தெரிவதுபோல ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். எனக்கு வேண்டியிருந்ததோ சற்றுக் கலங்கிய நீர். ஒரு தந்தியை ஒருமுறை மீட்டினால் அந்த ஸ்வரம் லேசாகக் கரகரத்து, நீண்டு, எங்கே முடிந்தது என்று தெரியாமல் கரைய வேண்டும். ஆம்பை முழுச் சத்தத்தில் வைத்தால் அது தானாகவே வரும். வீட்டில் சத்தக் குமிழை இரண்டுக்கு மேல் திருப்ப முடியாது. குறைந்த சத்தத்திலேயே அந்தக் கரகரப்பைத் தருவதற்குத்தான் ஓவர்டிரைவ் பெடல் என்ற சிறு பெட்டி இருக்கிறது. கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் மாட்டிக் காலால் அழுத்த வேண்டும்.

இரண்டுக்கு மேல் திருப்ப முடியாததற்குக் காரணம் கீழ்வீடு. வீட்டுக்காரர் கோயிலில் பிரபந்தம் சொல்லும் கோஷ்டியில் சேவிப்பவர். தினமும் மாலை ஆறு மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து, மறுநாள் சொல்ல வேண்டியதை ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். கோஷ்டியில் எல்லோரும் ஒரே குரலாகச் சொல்லும்போது ஒருவர் ஓர் அடி தவறினால் மற்றத் தலைகள் எல்லாம் திரும்பும். ஏழு மணிக்குமேல் அவர் மனைவியின் தொலைக்காட்சித் தொடர்கள். ஆகவே வேலை நாட்களில் எனக்கு எஞ்சியது பாராயண நேரம் மட்டும்தான். நாங்கள் மாமி என்று அழைத்த அந்த அம்மாள் ஆம்ப் வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"வாசிக்க வேண்டாம்னு சொல்லலைப்பா. ஆனா அவருக்கு ஒரு அடி தப்பித்துன்னா, அந்தப் பொட்டி இந்த ஆத்துல இருக்கப்படாது."

அதை எடுத்துப்போய் வைக்க எனக்கு வேறு இடம் கிடையாது.

சென்னையில் பழக்கமான கடைக்காரர் மூன்று பெடல்களை எடுத்து ஒரு பையில் போட்டார். "மூணையும் எத்துக்கினு போ. வூட்ல வச்சுக் கேட்டாத்தான் தெரியும். சனிக்கெயம ரெண்டு திரும்பி வந்துரணும், இன்னா?" என்றார்.

ஞாயிறு மதியம் ஆலையில் செய்வது போலவே சோதனை வைத்தோம். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அறை நண்பன் பின்னாலிருந்து பெடல்களை மாற்றி மாற்றி மாட்டினான். எது எது என்று சொல்லாமல் A, B, C என்று மட்டும் சொன்னான். செக் ஷீட்டின் பின்பக்கத்தில் மதிப்பெண் போட்டேன். ஊர் சாப்பிட்டுத் தூங்கிய நேரம். நெடுஞ்சாலையில் லாரிகளின் இரைச்சல் தொலைவில் ஒரு சுருதிபோல ஓடிக்கொண்டிருந்தது. A, மஞ்சள் பெடல் என்று பிறகு தெரிந்தது, ஊசிபோல் குத்தியது. C நீலம்; இருப்பதே தெரியவில்லை. B பச்சை. முதல் ஸ்வரம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோது அது என் கையிலிருந்து போனதுதானா என்று சந்தேகம் வந்தது. மறுபடி மீட்டினேன். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையாமல் நின்றது. எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று குறிப்பில் இல்லை.

"என்னல, தூங்கிட்டியா?" என்று நண்பன் கேட்டபோதுதான் பேனாவை எடுத்தேன்.

திங்கள் முதல் புதன்வரை ஓ.டி. வியாழன் மாலைதான் அடுத்து வாசிக்க வாய்த்தது. நண்பனுக்கு மட்டும் அன்றும் ஓ.டி. ஆறு மணி. கீழே பாராயணம் தொடங்கியிருந்தது. பச்சைப் பெடலை மிதித்தேன். தேன் இல்லை. சேற்றில் கால் புதைவதுபோல் ஸ்வரங்கள் ஒன்றில் ஒன்று அமிழ்ந்தன. எங்கோ இருக்கிறது, கூப்பிட்டால் வந்துவிடும் என்று நினைத்துக் குமிழை மூன்றுக்குத் திருப்பினேன். பிறகு நாலுக்கு.

கீழே குரல் நின்றது. பிறகு அதே அடி மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது.

மாமி படியேறி வந்து வாசலில் நின்றார். சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"ஏம்ப்பா, பொட்டிக்கு ஜலதோஷமா?"

"தெரியல மாமி."

"அவர் சொன்னதையே ரெண்டு தரம் சொல்லிண்டிருக்கார். ஞாயித்துக்கிழமை நன்னாத்தானே இருந்தது? அன்னிக்கு அவரே கேட்டுண்டுதான் படுத்திருந்தார்." படியிறங்கத் திரும்பினார். "நாளைக்கு ஒருநாள் பார்க்கறேன். அப்புறம் நான் சொன்னது சொன்னதுதான்."

எட்டு மணிக்கு வந்த நண்பனிடம் சொன்னேன். அவன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். அதன் இறக்கைகளை எண்ணிவிடலாம் போல இருந்தது. பையிலிருந்து மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துப் பிளக் பாயின்ட்டில் செருகினான். 178 வோல்ட். 230 இருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழம இந்த ஃபேன் காத்துல உன் பேப்பர் பறந்துச்சுல்லா?" என்றான். "அன்னைக்கு ஊர்ல எவனும் மெஷின் ஓட்டல. கரண்டு முழுசா வந்திருக்கும். இப்பம் பாதி உசுரோட வருது. பெடல் பேட்டரில ஓடுது, அது மாறல. உன் ஆம்ப்தான் மயங்கிக் கெடக்கு."

"அப்போ?"

"லீவு நாள்ல சாம்பிள் எடுத்துட்டு வேல நாள்ல லைன் ஓட்டுதியே, நீயெல்லாம் குவாலிட்டிகாரனாலே?"

வெட்கமாக இருந்தது. தினமும் பொருளைச் சோதிப்பதற்குமுன் அந்த இடத்தின் வெப்பநிலையைக் குறித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

25.6.2004, வெள்ளி. மாலை 6.05. குறிப்பில் முதன்முறையாக ஒரு புதிய வரி: "வோல்டேஜ் 181." மாமி படிக்கட்டின் நடுவில் நின்றார், ஒரு காது மேலே, ஒரு காது கீழே. குமிழ் இரண்டில். பச்சை: சேறு. நீலம்: இருப்பதே தெரியவில்லை, அன்றும். பிறகு, ஞாயிறன்று ஊசிபோல் குத்திய மஞ்சள் பெடலை மிதித்தேன். மயங்கிய ஆம்பில் அந்த ஊசியின் முனை மழுங்கியிருந்தது. மீட்டிய ஸ்வரம் கரகரத்து, நீண்டு, கீழேயிருந்து எழுந்த குரலின் ஓரமாகப் போய்ப் படுத்தது. வால்வுகளின் ஆரஞ்சு வழக்கத்தைவிட மங்கலாக இருந்தது. குரல் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அடி அடியாகப் போய்த் தன் முடிவில் முடிந்தது. நான் அதற்குப் பின்னும் ஒரு ஸ்வரத்தை ஒலிக்க விட்டுவைத்திருந்தேன்.

மாமி மேலே பார்த்து, "இருக்கட்டும்" என்றார். பெட்டியைச் சொன்னாரா பெடலைச் சொன்னாரா என்று கேட்கவில்லை. இரண்டுமே இருந்தன.

சனிக்கிழமை பச்சையையும் நீலத்தையும் திருப்பிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சள் பெடல் பழையபடி குத்தியது. அந்த நாட்களில் வாசிப்பதை விட்டுவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவேன்.

ஞாயிறன்று மின்சாரம் முழுதாக வந்திருக்கும் என்பது நண்பனின் ஊகம். மல்டிமீட்டர் ஆலையுடையது, சனிக்கிழமை ஸ்டோரில் ஒப்படைத்து, திங்கள்தான் எடுக்க முடியும். ஒரு ஞாயிறுகூட அது எங்கள் அறையில் இருந்ததில்லை. அடுத்த ஆண்டு தெருமுனையில் புதிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிட்டார்கள்; அதன்பின் வேலை நாளும் ஞாயிறும் ஒன்றாகிவிட்டன. 20.6.2004 மாலை 4.40-க்கு அந்த அறையில் எத்தனை வோல்ட் இருந்தது என்பது சரிபார்க்கப்படவில்லை. தாள் பறந்தது மட்டுமே பதிவில் உள்ளது.