நகரசபையில் நான் பேசிய நியாயம்

எங்கள் தெருமுனையில் குறைந்த வாடகை அடுக்குமாடி கட்டலாமா என்று, கனடாவில் மொன்ட்ரியாலுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சின்ன நகரத்தில் வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்ற பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளால் வென்றது. அதில் இரண்டு எங்கள் வீட்டு வாக்குகள், என்னுடையதும் என் கணவருடையதும்.

காரணம் கேட்டால் கார் நிறுத்த இடம் போதாது, பனி அள்ளும் வண்டி திரும்பாது என்று அடுக்குவேன். எல்லாம் சும்மா. வீட்டு விலை இறங்கிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்ன நாளிலிருந்து எனக்கு அந்த ஒரே நினைப்புத்தான்.

அந்த அடுக்குமாடியில் வீடு கேட்டுப் பெயர் கொடுத்திருந்தவர்களில் ஓர் அக்காவும் இருந்தார். நாங்கள் அகதிகளாக வந்திறங்கிய குளிர்காலத்தில் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் தன் நாலரை வீட்டில் எங்களை வைத்திருந்தவர். நாலரை என்றால் இங்கே இரண்டு படுக்கையறை. அதில் ஒன்றை எங்களுக்கு விட்டுவிட்டு, பிள்ளைகளோடு அவர் ஹோலில் படுத்தார். இப்போது கட்டடத்தைத் திருத்தப்போகிறேன் என்று வீட்டுக்காரன் எல்லோரையும் வீட்டை விட்டு எழுப்புகிறான். அக்காவுக்கு வேலை எங்கள் பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில். மாடி வந்தால் நடந்தே வேலைக்குப் போகலாம். வராவிட்டால் டொரொண்டோவில் மகனின் பேஸ்மென்ட்தான், அங்கே மருமகளோடு ஒத்துவராது. எங்கள் நகரத்தில் குடியிருக்காததால் அவருக்கு வாக்கும் இல்லை.

வாக்கு எண்ணி முடியும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் தோற்றுவிட்டால் நகரசபையில் என்ன சொல்வது என்று கணவரை இருத்தி வைத்து ஒத்திகை பார்த்தேன். ஒரு சில வாக்குகளில் வரும் முடிவு மக்கள் தீர்ப்பே அல்ல, உறுப்பினர்கள் தங்கள் புத்தியைப் பாவித்து அதைத் தள்ளிவைக்க வேண்டும் என்று. நன்றாகத்தான் வாதாடினேன். வென்ற செய்தி வந்ததும் அந்த வாதத்தை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

கொஞ்ச நாளில் அக்கா தொலைபேசினார். சபை மனம் வைத்தால் திட்டத்தை வேறு வழியில் கொண்டுவரலாமாம். அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாமாம்.

“உனக்கு நல்ல பிரெஞ்சு, பிள்ளை. ஒருக்காப் போய்க் கதையன்.”

“ஓம் அக்கா, கதைக்கிறன்.”

அதே கூட்டத்தில் தங்களுக்காகப் பேசும்படி தெருக்காரர்களும் என்னைக் கேட்டிருந்தார்கள். ஏன் என்னை என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குடியேறி வந்தவள் ஒருத்தி வேண்டாம் என்று சொன்னால் அவர்கள்மேல் பழி விழாது. என் நிறத்தை இரவல் கேட்டார்கள், நானும் கொடுத்தேன்.

மைக்கின் முன்னால் நின்று, நாங்கள் வந்த நாட்டில் எங்கள் வாக்குக்கு மதிப்பு இருக்கவில்லை என்று தொடங்கினேன். ஒரே ஒரு வாக்கால் வென்றாலும் அது முடிவுதான், அதை மாற்ற உங்களுக்கு யார் உரிமை தந்தது என்று கேட்டேன். கை தட்டினார்கள். சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இன்றுவரை என்னைத் தின்பது அதுதான்.

முடிவை மதிப்பதாக மேயர் அறிவித்தார். திரும்பியபோது கடைசி வரிசையில், குளிர்ச்சட்டையைக் கழற்றாமல், அக்கா இருந்தார். வரப்போவதாக அவர் சொல்லவே இல்லை. காப்பகத்துப் பிள்ளைகளோடு பழகிப் பழகி அவருக்குப் பிரெஞ்சு முழுக்க விளங்கும்.

மெத்ரோ ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று காரில் ஏற்றினேன். முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்தான் முதலில் பேசினார்.

“அங்கை எங்கடை வாக்கை ஒருத்தரும் மதிக்கேல்லை எண்டு சொன்னியே, எனக்கு அழுகை வந்திட்டுது. எங்கடை பக்கம் வாக்குப் போட்டிட்டும், தோத்தது தோத்ததுதான் எண்டு எழும்பி நிண்டு சொல்லுறதுக்கு ஒரு மனம் வேணும், பிள்ளை.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எந்தப் பக்கம் போட்டேன் என்ற சந்தேகமே அவருக்கு வரவில்லை. “இல்லை அக்கா” என்று சொல்ல வாயெடுத்தேன். சிக்னலில் பச்சை விழுந்தது, காரை எடுத்தேன்.

அக்கா இப்போது டொரொண்டோவில், மகனின் பேஸ்மென்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பார். போன வாரம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மருமகளிடம் அவர் சொல்வது கேட்டது.

“இவள்தான் நான் சொன்ன பிள்ளை. தன்ரை விருப்பத்தைத் தள்ளி வைச்சிட்டு நியாயத்தைக் கதைச்சவள்.”

மேசையில் இருந்த என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அன்றைய ஒத்திகையையும், வீட்டிலிருந்தே இணையத்தில் என் சபைப் பேச்சையும் கேட்ட ஒரே ஆள் அவர். தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

“பிள்ளை, லைனிலை நிக்கிறியோ?” என்று அக்கா கேட்டார்.

“ஓம் அக்கா,” என்றேன்.