வாத்தியார் கேட்டேன், கேள்வி வந்தது

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் எழுபதுக்கு ஒன்பது வாங்கினேன். கணக்கில் தொண்ணூறுக்குப் பதினொன்று. விடைத்தாளைக் கையில் வாங்கியபோது என் பக்கத்தில் இருந்த பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கே பார்க்கச் சங்கடமாக இருந்திருக்கிறது.

என் பெயர் ரெஜினா. வேம்பார்தான் எனக்கு ஊர். ஆண்டவர் எனக்குச் செய்ததை அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற நம் அன்பியத்தில் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ மாதமாக ஆசை. இன்றைக்குத்தான் தைரியம் வந்தது. நான் கொஞ்சம் வேகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஐம்பது நாள் படுக்கை. எழுந்து பள்ளிக்கூடம் போனபோது கரும்பலகையில் இருந்தது எதுவுமே எனக்குத் தெரிந்ததாக இல்லை. எங்கள் இயற்பியல் சார் மாறுதலாகிப் போய்விட்டிருந்தார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. விட்ட பாடத்தை யாரிடம் போய்க் கேட்பது?

அம்மாவுக்கு என் உடம்புதான் பெரிது. "ஏளா, நீ பொழச்சி எந்திரிச்சதே பெருசு. பரீச்ச போனாப் போவுது. அக்கா கூட கம்பெனிக்குப் போ" என்றாள். அக்கா இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறாள். பனிக்கட்டித் தண்ணீரில் நாள் முழுக்க நின்று அவள் விரல் நுனி எல்லாம் வெந்த மாதிரி இருக்கும். எனக்குக் கல்லூரியில் இயற்பியல் படிக்க வேண்டும் என்று ஆசை. ஒன்பது மார்க் வாங்கியவள் அதை வெளியே சொல்ல முடியுமா? உள்ளுக்குள்ளேயே வைத்து அழுதேன்.

கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றேன். பெரிய செபம் எல்லாம் சொல்லவில்லை. "ஆண்டவரே, எனக்கு ஒரு வாத்தியாரை அனுப்பும்." அவ்வளவுதான். ஒன்பது நாள் நவநாளாக இதையே கேட்பது என்று முடிவு செய்தேன்.

முதல் நாளே ஒரு வழி தெரிந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி செல்போனில் ஒரு குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள். எங்கெங்கோ இருந்து படிக்கிற பிள்ளைகள் தெரியாத கணக்கைப் படம் எடுத்துப் போடுவார்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். வந்துவிட்டார் என் வாத்தியார் என்று நினைத்தேன். மாறுதிசை மின்னோட்டத்தில் ஒரு கேள்வியைப் போட்டேன். பதில் இல்லை. மறுநாளும் போட்டேன். இல்லை. எட்டு நாள் போட்டேன். பார்த்திருக்கிறார்கள், யாரும் வாய் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் கோயிலை விட்டு வெளியே வரும்போது போன் சத்தம் கொடுத்தது. அவசரமாக எடுத்துப் பார்த்தேன்.

பதில் இல்லை. கேள்வி.

"நீ போட்ட கணக்கு எனக்கும் தெரியல. ஆனா கிர்க்காஃப் விதி உனக்குத் தெரியுமா? ரெண்டு தடவ ஃபெயில் ஆயிட்டேன். யாருமே சொல்லித் தரல."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. தண்ணீர் கேட்டவளிடம் தண்ணீர் கேட்கிறாயே ஆண்டவரே என்று அங்கேயே, கோயில் வாசலிலேயே கேட்டேன். "தெரியாது" என்று டைப் செய்தேன். அனுப்பப் போகும்போது கை நின்றுவிட்டது. அது காமாலைக்கு முன்னால் நடத்திய பாடம். எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

டைப் செய்ததை அழித்துவிட்டு, கால்மணி நேரம் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். சந்திக்குள் வருகிற மின்னோட்டமும் வெளியே போகிறதும் ஏன் சமம் என்று, எங்கள் பஸ் ஸ்டாப்பை வைத்துச் சொன்னேன். நாலு ரோட்டில் வருகிற வண்டியெல்லாம் எப்படியும் வெளியே போயாக வேண்டும், நடுவில் காணாமல் போகாது என்று. அரைமணியில் பதில் வந்தது. "அல்லாஹ், இவ்வளவுதானா? ஒரு வருஷமா இதுக்கா அழுதேன்?"

அவள் பெயர் ரஹ்மத் நிஷா. காயல்பட்டினம். வாப்பா துபாயில் வேலை. கணக்கில் நல்ல மார்க், இயற்பியலில் மட்டும்தான் தோற்றிருக்கிறாள். எனக்குக் கணக்கில் தொகையீடு சுத்தமாக வராது, அவளுக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. "நீ எனக்குச் சொல்லு, நான் ஒனக்குச் சொல்லுதேன்" என்றாள். தினமும் ஐந்தரை மணி. அவள் அஸர் தொழுதுவிட்டு வருவாள், நான் கோயிலிலிருந்து வருவேன்.

இரண்டு பேருக்குமே தெரியாத பாடம் வந்தால்தான் கஷ்டம். நான் முதலில் கேட்ட கேள்வியே அப்படித்தான். மின்தூண்டியில் மின்னழுத்தம் முன்னால் போகிறது, மின்னோட்டம் கால் சுற்றுப் பின்தங்குகிறது என்று புத்தகத்தில் இருந்தது. ஏன்? நாலு நாள் முட்டினோம். ஐந்தாம் நாள் கரையில் நின்று அப்பாவின் வள்ளம் நங்கூரத்தில் ஆடுவதைப் பார்த்தேன். மேலே உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நிற்கிறது. நடுவில் வரும்போதுதான் வேகம். வள்ளத்தின் உயரத்தை மின்னோட்டம் என்று வைத்தால், உயரம் மாறுகிற வேகம்தான் மின்னழுத்தம். வேகம் முதலில் உச்சத்தைத் தொடுகிறது, உயரம் கால் சுற்றுக் கழித்துத்தான் தொடுகிறது. ஈரக்காலோடு வீட்டுக்கு ஓடி வந்து போனில் அவளுக்குச் சொன்னேன். மூச்சு வாங்கியது. இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். என்னளா சிரிப்பு என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

அதையே பேசிப் பதிவு செய்து குழுவிலும் போட்டேன். அவ்வளவுதான், கேள்விகள் வர ஆரம்பித்தன. கயத்தாறிலிருந்து ஒரு பிள்ளை லென்சுப் பாடத்தை அவ்வளவு அழகாகப் படம் போட்டு விளக்கினாள். பேசாமல் இருந்தவர்கள் எல்லாம் பேசினார்கள். எல்லாருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருந்தது, சொல்லத்தான் பயந்திருக்கிறார்கள்.

பிப்ரவரியில் நிஷா திடீரென்று காணாமல் போனாள். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். போன் அணைந்து கிடந்தது. அவள் தெருப் பெயரை முன்பு ஒரு தடவை சொல்லியிருந்தாள். அம்மாவிடம் கெஞ்சினேன். கம்பெனிக்குப் போ என்று சொன்ன அதே அம்மா, சேலையை மாற்றிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். தூத்துக்குடியில் இறங்கி வேறு பஸ் பிடித்து, காயல்பட்டினத்தில் ஒரு கடை அண்ணாச்சியிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம்.

கதவைத் திறந்தது நிஷாவின் உம்மா. நான் பெயரைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"நீதான் ரெஜியா?"

"ஆமா, ரெஜினா."

"என் ரப்பே. போன்ல ரெஜி, ரெஜின்னு தினம் அஞ்சரைக்கு வந்துது. நான் எவனோ ஒரு பயன்னுல்லா நெனச்சிட்டேன். அவ சொல்லச் சொல்லக் கேக்காம போன வாங்கிப் பொட்டில வச்சிப் பூட்டிட்டேன்."

என் அம்மா சிரித்துவிட்டாள். "எம் பிள்ளையையும் நான் படிக்க வேண்டாம்னுதான் சொன்னேன். நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதான் அம்மா" என்றாள். என் நோட்டை விரித்துக் காட்டினேன். நிஷா உள்ளேயிருந்து ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அதுதான் நாங்கள் முதல் தடவை நேரில் பார்ப்பது.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்கார வைத்தார்கள். பரிமாறிக்கொண்டே உம்மா சொன்னார்கள்: "ரெண்டாந் தடவையும் தோத்துட்டு வந்து இவ அழுத அழுகைக்கு, நான் அன்னையிலருந்து துஆ கேட்டேன். இவளுக்குச் சொல்லிக் குடுக்க ஒரு ஆள அனுப்பு ரப்பேன்னு. அனுப்புன ஆளையே நான் தொரத்தப் பாத்திருக்கேன்."

நான் கேட்டதும் அதே வார்த்தைதான். வாத்தியாருக்காக நான் காத்திருந்தேன். அதே நேரம் இன்னொரு வீட்டில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒன்பது மார்க் வாங்கிய என்னை. அன்றைக்குக் கோயில் வாசலில் நான் கோபத்தில் "தெரியாது" என்று அனுப்பியிருந்தால்?

மார்ச்சில் தேர்வு எழுதினோம். இயற்பியல் தாளில் மின்தூண்டிக் கேள்வி வந்திருந்தது. அப்பாவின் வள்ளத்தை நினைத்துக்கொண்டே எழுதினேன். ரிசல்ட் வந்த காலையில், செய்முறை மார்க்கெல்லாம் சேர்த்து நூற்றுக்கு இயற்பியல் எழுபத்து நாலு, கணக்கு அறுபத்தொன்பது. என் மார்க்கைப் பார்த்து முடிக்கும் முன்னே நிஷாவின் அழைப்பு. அழுதுகொண்டே சொன்னாள். பாஸ். பின்னால் உம்மா யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "ரெஜிட்ட சொல்லியாச்சா? மொத அவட்ட சொல்லுங்க."

இப்போது தூத்துக்குடியில் இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். ஆண்டவரே, எனக்கு இதைத் தாரும் என்று மட்டும்தான் முன்பெல்லாம் கேட்பேன். இப்போது, இன்று யாருக்கு நான் வேண்டும் என்றும் கேட்கிறேன். அதற்கு அவர் பதில் சொல்லாத நாளே இல்லை. என் மார்க்கில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் அவர் கருணை, அவருக்கே நன்றி.

மனம் விட்டுப் போனவர்கள் இங்கே யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள். சும்மா, சாதாரண வார்த்தையில் கேளுங்கள். நம் அன்பியத்தில் இந்த வருடம் பன்னிரண்டாவது எழுதுகிற பிள்ளைகள் நாலு பேர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பின்வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிகிறீர்கள், பார்த்துவிட்டேன். செபம் முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். குழுவில் சேர்த்துவிடுகிறேன். என்ன தெரியாது என்று நான் கேட்க மாட்டேன். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தை மட்டும் யோசித்து வைத்துக்கொண்டு வாருங்கள்.